பச்சைமலை ஏறும் பழைய கார்களின் வெப்பக்காப்பு: ஒரு திறந்த மடல்

திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய பழைய கார்களைப் பேணிவரும் உரிமையாளர்களுக்கும், அவற்றின் உள்ளறையைப் புதுப்பித்துத் தரும் குஷன் பட்டறையினருக்கும்,

பழைய காரின் உள்ளறையைச் சீர்செய்யும்போது இருக்கை ரெக்சினின் நிறத்துக்கும் டேஷ்போர்டின் மெருகுக்கும் கிடைக்கும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட, தரைவிரிப்புக்கு அடியிலும் கூரையின் உள்துணிக்கு மேலும் என்ன வைக்கப்படுகிறது என்பதற்குக் கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தை நிரப்பும் பொருளை உரிமையாளர் தேர்ந்தெடுப்பதில்லை. கடையில் எது இருக்கிறதோ அதுவே தேர்வாகிவிடுகிறது. அவ்வாறு இப்போது பரவலாக விற்கப்படுவது, ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய, கையில் எடுத்தாலே கனக்கும் கறுப்பு பியூட்டைல் ரப்பர் பாளம். தகட்டின் அதிர்வை அடக்குவதற்காக உருவான அந்தப் பாளம், சூட்டைத் தடுக்கும் பொருளாகவும் சொல்லி விற்கப்படுகிறது. அது சூட்டைத் தடுப்பதில்லை என்பதும், தடுக்கக்கூடிய பொருட்கள் அதில் ஆறில் ஒரு பங்கு எடைக்கும் குறைவாகவே திருச்சியின் சாதாரணக் கடைகளில் கிடைக்கின்றன என்பதும், அவற்றையும் உரிய இடத்தில் உரிய முறையில் வைத்தால்தான் பயன் உண்டு என்பதும் இம்மடல் முன்வைக்கும் கருத்துகள்.

இந்தக் கார்களின் பிறப்பை நினைவில் கொண்டால் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட் 1100. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. என்ஜினின் சூடு உள்ளே வந்தால் வரவேற்கும் தட்பவெப்பத்தில் வரையப்பட்ட இவ்வண்டிகளில், தரைவிரிப்புக்கு அடியில் இடப்பட்ட கம்பளித் தடிப்பு இரைச்சலைக் குறைக்கவும் காலுக்கு மென்மை தரவும் வைக்கப்பட்டதே தவிர, 40 டிகிரி வெயிலை மனத்தில் கொண்டு வைக்கப்பட்டதன்று. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை அம்பாசிடர் தயாரானபோதும் அதன் அடிப்படை உடலமைப்பு பெரிதாக மாறவில்லை. ஆகவே மூலப்பொருளையே அப்படியே திரும்ப வைப்பதுதான் மரபைக் காப்பது என்ற வாதம், தோற்றத்துக்குப் பொருந்துமே ஒழிய, யார் கண்ணிலும் படாத அடித்தளத்துக்குப் பொருந்தாது.

திருச்சிக் கார்களின் நிலையைச் சோதிக்கப் பச்சைமலைப் பாதையைவிடப் பொருத்தமான பாதை அருகில் இல்லை. கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, நெ.1 டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர், உப்பிலியபுரம் வழியாகச் சோபனபுரம் வரை செல்லும் சமவெளிச் சாலையில் காரின் பகைவன் வெயில். அது கூரை வழியாகவும் கண்ணாடி வழியாகவும் மேலிருந்து இறங்குகிறது. சோபனபுரத்தைத் தாண்டி டாப் செங்காட்டுப்பட்டியை நோக்கி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது: வெளிக்காற்று குளிர்கிறது, காருக்குள் கால் சுடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 முதல் 1000 மீட்டர் உயரத்தில் பரந்துள்ள பச்சைமலையில், ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொது விதிப்படி சமவெளியைவிட மூன்று முதல் ஆறு டிகிரி வரை குளிர்ச்சி இருக்கும். ஆனால் இரண்டாம் கியரில் முழு விசையோடு என்ஜின் உழைக்க, வண்டியின் வேகம் குறைந்து அடிப்பகுதியில் காற்றோட்டமும் குறைய, சைலன்சர் குழாயின் சூடு தரைத்தகட்டிலும் கியர்பாக்ஸ் மேட்டிலும் தங்கிவிடுகிறது. மேலிருந்து வரும் சூட்டுக்கும் கீழிருந்து வரும் சூட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை இந்த 80 கிலோமீட்டர் ஒரே காலைப்பொழுதில் உணர்த்திவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதைக்குப் பழைய காரை எடுத்துச் செல்லத் துணிவோர்க்கு இது இன்னும் தெளிவாகவே தெரிந்திருக்கும்.

வெப்பம் மூன்று வழிகளில் இடம்பெயரும். ஒரு பொருளின் ஊடாகச் சூடு நகர்வது கடத்தல். காற்றோ நீரோ தான் நகரும்போது சூட்டைச் சுமந்து செல்வது சலனம். இடையில் எப்பொருளின் துணையும் இன்றி, ஒளியைப் போலச் சூடான பரப்பிலிருந்து மற்றொரு பரப்புக்குப் பாய்வது கதிர்வீச்சு. இவற்றுள் கடத்தலை அளக்கும் எண் வெப்பக் கடத்துதிறன் எனப்படும்; ஒரு மீட்டர் தடிமனுள்ள பொருளின் இரு முகங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கையில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் பாய்கிறது என்பதே அது. எஃகுக்கு அந்த எண் ஏறக்குறைய 50, பியூட்டைல் ரப்பருக்கு 0.2, அசையாத காற்றுக்கு 0.026. காற்றை நுண்ணிய குமிழிகளுக்குள் அசையவிடாமல் சிறைப்பிடித்து வைத்திருக்கும் நுரைகளுக்கு அது 0.035 முதல் 0.04 வரை இருக்கும். நல்ல வெப்பக்காப்புப் பொருள் என்பது பெரும்பாலும் காற்றே என்பதும், அதனால் அது இலேசாக இருப்பது இயல்பே என்பதும் இந்த எண்களிலேயே அடங்கியுள்ளன.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பாளத்தின் ஒரு முகத்தில் 70 டிகிரியும் மறுமுகத்தில் 40 டிகிரியும் இருப்பதாகக் கொண்டால், 10 மில்லிமீட்டர் நுரையின் வழியே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 110 வாட் பாயும். அதே 30 டிகிரி வேறுபாட்டைத் தாங்கிநிற்க 2 மில்லிமீட்டர் பியூட்டைல் பாளத்தின் வழியே 3000 வாட் பாய வேண்டும். நண்பகல் வெயிலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் அளவுதான் தரும் என்பதால், அந்தப் பாளத்தின் இரு முகங்களுக்கும் இடையே அப்படியொரு வேறுபாடு ஒருபோதும் ஏற்படாது. தகடு எவ்வளவு சூடாக இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு சூடாகவே பாளத்தின் உட்புறமும் இருக்கும். எடையோ இதற்கு நேர்மாறானது. பியூட்டைல் பாளம் 2 மில்லிமீட்டர் தடிமனில் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வரும். 10 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் நுரை அரைக் கிலோ அளவும், அதே தடிமனுள்ள குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் நுரை, அதாவது கடைகளில் எக்ஸ்.எல்.பி.இ. என்று கேட்டால் கிடைப்பது, 300 கிராம் அளவும் வரும். தரை, கூரை, கதவுகள், என்ஜின் தடுப்புத் தகடு எல்லாம் சேர்த்து ஓர் அம்பாசிடரின் உட்பரப்பைப் பத்துச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பியூட்டைல் பாளம் முப்பது கிலோவைத் தாண்டும், நுரை ஐந்து கிலோவுக்குள் அடங்கும்.

முப்பது கிலோ என்பது அரைப் பயணியின் எடை. அதனால் மட்டும் ஒரு கார் மலையேற மறுத்துவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் 40 குதிரைத்திறன் அளவே தரும் 1089 சிசி என்ஜினும், 900 கிலோவை ஒட்டிய எடையும், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கும் கொண்ட பத்மினியில், ஏறும்போது கூடுதல் எடை என்ஜினையும், இறங்கும்போது பிரேக்கையும் சூடாக்குகிறது. சூட்டைக் குறைக்க ஏற்றிய பொருள் சூட்டைக் கூட்டுவது வேடிக்கையான கணக்கு. எடையைவிடப் பெரிய குறை, முழுத் தரையிலும் ஒட்டப்பட்ட பியூட்டைல் பாளத்தைப் பின்னர் எளிதில் பெயர்க்க முடியாது என்பதே. தகட்டைப் பார்க்க வேண்டிய நாளில் அது பெரும் தடையாகிறது. அதிர்வை அடக்கும் பணியில் அதற்கு உரிய இடம் உண்டு: கதவின் வெளித்தகட்டின் நடுவிலும் கூரைத்தகட்டின் நடுவிலும் பரப்பில் கால் பங்கு அளவுக்குத் துண்டுகளாக ஒட்டினாலே தகட்டின் ஓசை அடங்கிவிடும். மீதி முக்கால் பங்கு, பணத்துக்கும் எடைக்கும் கேடு.

பளபளக்கும் தாளைப் பற்றிய மயக்கம் இதைவிட ஆழமானது. அலுமினியத் தாள் வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. அதன் மறுபக்கமாக, தன் சூட்டைக் கதிர்வீச்சாக வெளியிடுவதிலும் அது மிகக் கஞ்சத்தனமானது. ஒரு பரப்பு தன் சூட்டை எந்த அளவு கதிர்வீச்சாக விடுகிறது என்பதைக் குறிக்கும் எண் உமிழ்திறன். சாதாரண வண்ணப்பூச்சுக்கு அது 0.9 அளவு இருக்கையில், தூய்மையான அலுமினியத் தாளுக்கு 0.05 அளவே. ஆனால் இந்தச் சிறப்பு முழுவதும் தாளுக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்கும்போது மட்டுமே செயல்படும். தாளைத் தகட்டுக்கும் தரைவிரிப்புக்கும் நடுவில் இறுக்கி வைத்துவிட்டால் அங்கே கதிர்வீச்சுக்கு இடமே இல்லை. கடத்தல் ஒன்றே நடக்கிறது. கடத்தலிலோ அலுமினியம் எஃகை விடப் பல மடங்கு தாராளமானது. தரைவிரிப்புக்கு அடியில் வெறும் பபிள் ஃபாயிலை விரித்துவிட்டுக் கால் சுடுவதாகக் குறைப்படுவோர், குமிழிகள் காலால் நசுங்கியதையும் தாள் வேலையற்றுக் கிடப்பதையும் கவனிப்பதில்லை.

தாளுக்குரிய இடம் கூரை. அம்பாசிடரிலும் பத்மினியிலும் கூரையின் உள்துணி, குறுக்கே வளைந்து நிற்கும் கம்பிகளில் தொங்குவதால், தகட்டுக்கும் துணிக்கும் நடுவில் இயற்கையாகவே ஓர் இடைவெளி அமைந்துள்ளது. எக்ஸ்.எல்.பி.இ. நுரையைத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டி, அதன் அலுமினிய முகம் கீழ்நோக்கி அந்த இடைவெளியைப் பார்க்குமாறு வைத்தால், நுரை கடத்தலைத் தடுக்கிறது, தாள் கதிர்வீச்சைத் தடுக்கிறது. கீழ்நோக்கிய முகத்தில் தூசி படியாது என்பதால் பல ஆண்டுகள் ஆனாலும் அதன் திறன் குறையாது; மேல்நோக்கி வைத்த தாளில் ஒரு கோடையின் புழுதியே அந்தத் திறனைப் பெருமளவு விழுங்கிவிடும். இடைவெளியை முழுவதும் நுரையால் அடைத்துவிடாமல் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டராவது விட வேண்டும். ஒட்டும் பசையிலும் கவனம் தேவை. வெயிலில் நிற்கும் கரும்பூச்சுக் காரின் கூரை 70 டிகிரியைத் தாண்டக்கூடியது என்பதால், அந்தச் சூட்டில் இளகும் பசை நுரையைக் கைவிட்டுவிட, நுரை துணியின் மேல் விழுந்து கூரையே தொய்ந்ததுபோல் தோன்றும். கூரையின் வண்ணமும் வெப்பக்காப்பின் ஒரு பகுதியே என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும்: வெள்ளைப் பூச்சு வெயிலில் பெரும்பங்கைத் திருப்பிவிடுகிறது, அதன் எடை எதுவும் இல்லை. நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும்; மூல நிறம் வெள்ளையாகவே அமைந்த அம்பாசிடர்க்காரர்கள் இவ்வகையில் பேறு பெற்றவர்கள்.

என்ஜின் பக்கத்துக்கு வேறு பொருள் வேண்டும். பாலிஎத்திலீன் நுரை நூறு டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும் என்பதால் தடுப்புத் தகட்டுக்கும் சைலன்சர் குழாய் ஓடும் வழிக்கு நேர் மேலுள்ள தரைக்கும் அது உகந்ததன்று. நைட்ரைல் ரப்பர் நுரை ஏறக்குறைய 105 டிகிரி வரை தாங்கும், ஏ.சி. குழாய்களுக்கு உறையிடும் கறுப்பு நுரை இதுவே என்பதால் குளிர்சாதன வேலை செய்வோரிடம் 9, 13, 19 மில்லிமீட்டர் தடிமன்களில் எளிதில் கிடைக்கும். தடுப்புத் தகட்டின் உட்புறத்துக்கும் முன்பக்கத் தரைக்கும் இதுவே முதன்மையான தேர்வாக இருக்கத் தக்கது. குழாய் தரையை மிக நெருங்கும் ஓரிரு இடங்களில் மட்டும் ஏரோஜெல் பாயைக் கருதலாம். ஏரோஜெல் என்பது ஏறக்குறைய முழுவதும் காற்றாலான கண்ணாடி மூலப்பொருள். அதை நார்ப்பாயில் ஊட்டித் தயாரிக்கும் பாய்க்குக் கடத்துதிறன் 0.02-க்கும் குறைவு, தாங்கும் சூடு சில நூறு டிகிரி. உலகின் மிக இலேசான திடப்பொருள் என்ற புகழைக் கேட்டுக் கார் முழுவதும் அதையே இட விரும்புவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: நார்ப்பாயோடு சேர்ந்தபின் அதன் அடர்த்தி நுரையைப் போல் மூன்று நான்கு மடங்கு ஆகிவிடுவதால், 5 மில்லிமீட்டர் பாயே சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அளவுக்கு வந்து, 10 மில்லிமீட்டர் நுரை தரும் காப்பையே தருகிறது. அது மிச்சப்படுத்துவது தடிமனை. எடையையோ பணத்தையோ அன்று.

பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1960-களில் திருவெறும்பூரில் எழுந்த நாள் முதலாக, வெப்பக்காப்பு வேலையில் கைதேர்ந்தோர் திருச்சியில் ஏராளம். அவர்களின் கைப்பழக்கத்தால் பாறைக் கம்பளியையும் கண்ணாடிக் கம்பளியையும் காருக்குள் இடும் யோசனையும் எழக்கூடும். அசையாத கொதிகலனின் மேல், நீர் புகாத அலுமினிய உறைக்குள் அப்பொருட்கள் சிறந்தவை. இடையறாது அதிரும் காருக்குள் நார்கள் நொறுங்கிக் காற்றில் கலக்கும், மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தெர்மோகோலைப் பற்றி ஒரே சொல் போதும்: பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும். தென்னைநார்த் தடிப்பும் சணல் தடிப்பும் காய்ந்திருக்கும்போது நல்ல காப்பே. ஆனால் நனைந்தால் காப்பும் போய், தகட்டின் மேல் ஈரத்துணியாகக் கிடந்து துருவை வளர்க்கும்.

ஈரம்தான் பழைய கார்களின் மெய்யான பகை. கோடையை நினைத்து வைக்கப்படும் காப்பு, ஐப்பசி கார்த்திகை மழையையும் மலைமேல் விழும் பனியையும் தாங்க வேண்டும். முன்கண்ணாடி ரப்பரிலும் கதவின் அடியிலும் புகும் நீர் தரையில் தேங்குவது இவ்வண்டிகளின் பிறவிக்குணம். நைட்ரைல், எக்ஸ்.எல்.பி.இ. இரண்டும் மூடிய அறை நுரைகள். அதாவது அவற்றின் குமிழிகள் ஒன்றோடொன்று திறவாமல் தனித்தனியே மூடியிருப்பதால் நீரை உறிஞ்சுவதில்லை. இருக்கை ஸ்பாஞ்சோ திறந்த அறை நுரை. அதைத் தரையில் விரிப்பது தரையை இழப்பதற்கான வழி. ஆனால் நீரை உறிஞ்சாத நுரையும் தனக்கும் தகட்டுக்கும் நடுவில் புகுந்த நீரை வெளியேற விடாது. ஆகவே பழைய துருவை முழுவதும் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, அது காய்ந்தபின்னரே காப்பை வைக்க வேண்டும். தரையில் அதை முழுப் பரப்பிலும் ஒட்டாமல், பழைய கம்பளித் தடிப்பை அச்சாக வைத்து வெட்டிய துண்டுகளாக, தூக்கிப் பார்க்கக்கூடிய வகையில் கிடத்துவது நல்லது. தரையின் வடிகால் துளைகளையும் கதவின் அடியிலுள்ள துளைகளையும் எக்காரணத்தாலும் மூடக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்னர் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெடல்களும் ஸ்டியரிங் தண்டும் கம்பிகளும் தடுப்புத் தகட்டை ஊடுருவும் துளைகளில் ரப்பர் குரோமெட்டுகள் நொறுங்கிப்போயிருந்தால், என்ஜின் அறையின் சுடுகாற்று நேரே ஓட்டுநரின் காலில் வீசும். எந்த நுரையாலும் அதைத் தடுக்க முடியாது, சில ரூபாய்க் குரோமெட் தடுத்துவிடும். சைலன்சர் குழாயின் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. பற்றவைப்பு நேரம் பின்தள்ளியிருந்தால் புகையின் சூடு தேவைக்கு மேல் ஏறும் என்பதால் டியூனிங்கும் வெப்பக்காப்பின் பகுதியே. குழாய்க்கும் தரைக்கும் நடுவில் இருபுறமும் இடைவெளி விட்டு ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டைத் தொங்கவிடுவது, உள்ளே விரிக்கும் எதையும்விடக் குறைந்த எடையில் கூடுதல் பயன் தரும். குழாயைச் சுற்றித் துணிநாடா கட்டுவது ஈரத்தைப் பிடித்துக் குழாயை அரிக்கும், தவிர்க்கலாம்.

தீயைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சில. வண்டியின் உட்பொருட்கள் எவ்வளவு விரைவாக எரியலாம் என்பதற்கு இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்ற தரநிலை உள்ளது. அமெரிக்காவின் 302-ஆம் எண் தரநிலை, நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்கிறது. இத்தகைய தரநிலைக்கு உட்பட்டது என்று எழுத்தில் காட்டாத பொருளை, குறிப்பாகப் பொருள் பொதியும் மலிவான நுரையை, மின்கம்பிகள் ஓடும் இடத்தில் வைக்கக் கூடாது. அலுமினியத் தாளின் விளிம்பும் ஃபியூஸ் பெட்டியின் முனைகளைத் தொடாதபடி நாடாவால் மூடப்பட வேண்டும். பழைய காரிலிருந்து சாம்பல் நிறத்தில் உதிரும் அட்டை எதுவும் வந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு, உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து அகற்ற வேண்டும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த கார்கள் சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இன்றி இருந்தால் விண்டேஜ் வாகனமாக ‘வி.ஏ.’ வரிசையில் பதிவு பெறலாம். கிடத்திவைத்த, பெயர்த்தெடுக்கக்கூடிய காப்பு உடற்கூட்டைத் தொடுவதில்லை, ஆனால் அதற்காகத் தகட்டில் துளையிடுவது தவறு. கண்ணாடியில் ஒட்டும் படலத்துக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும் அறிந்ததே. திருவரங்கத்தின் சித்திரை வீதிகளில் நிழலின்றி நான்கு மணி நேரம் நிற்கும் கார் கண்ணாடி வழியாகவே பெரிதும் சூடேறும். அங்கே கூரைக் காப்பைவிடக் கண்ணாடிக்குள் விரிக்கும் மறைப்பும், புறப்படும்போது முக்கோணக் கண்ணாடிகளைத் திறந்து உள்காற்றை வெளியேற்றுவதும் மிகுந்த பயன் தரும்.

அக்னி நட்சத்திரம் தொடங்குமுன் உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் காரின் தரைவிரிப்பைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்குமாறும், காப்பு வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓட்டி, கூரைத்துணி, கால்தரை, கியர்பாக்ஸ் மேடு ஆகிய மூன்று இடங்களின் வெப்பநிலையைக் குறித்துத் தம்முள் பகிர்ந்துகொள்ளுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது. அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்போர், பளபளக்கும் தாளின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிடக் குறைந்த எண்ணே தெரியும் என்பதால், அவ்விடத்தில் ஒரு துண்டுக் கறுப்பு மின்நாடாவை ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். குஷன் பட்டறையினரோ, விலைப்பட்டியலில் ‘இன்சுலேஷன்’ என்ற ஒரே சொல்லை எழுதாமல், எந்தப் பொருள், எத்தனை மில்லிமீட்டர், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதித் தர வேண்டும். அவ்வாறு எழுதித் தர மறுக்கும் கடையில் வேலையைக் கொடுக்காமல் இருப்பது உரிமையாளர்களின் பொறுப்பு.